வாரிசுக்காக அடுக்கிய விறகு

கெசியா லாம்பர்ட் ஜெயிலுக்குப் போய்வந்தவள் என்று ட்ரென்லி கிராமத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். எதற்காகப் போனாள் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும். ஒருவன் பன்றிக்குத் தீனி வைக்க வேண்டும் என்பான். ஒருத்தி அடுப்பில் உருளைக்கிழங்கு தீய்கிறது என்பாள். அவள் யாரையும் கொல்லவில்லை, எவன் வீட்டிலும் கன்னம் வைக்கவில்லை. இருமிக்கொண்டு கிடந்த புருஷன் குளிர்காய நாலு கட்டை விறகு எடுத்தாள். அதுவும் அந்தப் புருஷனே வெட்டி அடுக்கிய விறகு.

மாட்டுக்காரன் மகள் அவள். சின்னப் பெண்ணாகப் பெரிய வீட்டுச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தவள், சலவைச் சோடாத் தண்ணீரில் கை வெந்து, தோல் உரிந்து, ஏனோக் லாம்பர்ட்டைக் கட்டிக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தாள். ஏனோக்குக்கு வேலி கட்டுகிற வேலை. பெற்ற பிள்ளைகள் இரண்டும் சர்ச்சுக்குப் பின்னால் புல்லுக்கடியில் கிடக்கின்றன. அதற்கப்புறம் அவனுக்கு அவள், அவளுக்கு அவன். வேறு நாதி கிடையாது.

ஏனோக் நல்லவன். அதுதான் அவனிடம் இருந்த கோளாறு. அவன் அப்பாவும் தாத்தாவும் ட்ரென்லி பிரபுக்களுக்கு வேலி கட்டியவர்கள். பிரபு குதிரையில் வந்தால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றுப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிடுவான்.

"இன்னைக்கு நம்மளப் பாத்துத் தலையசைச்சாரு கெசி," என்பான் வீட்டுக்கு வந்து.

"கொசு கடிச்சிருக்கும்," என்பாள் அவள்.

பெரிய வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நம்மைப் போன்றவர்கள் கூரை ஒழுகினால் வைக்கோல் மாற்றுவோம். பிரபுக்கள் பெண் எடுப்பார்கள். எங்கள் பிரபு கப்பலேறி அமெரிக்கா போனார். சோப்பு காய்ச்சியே கோடீஸ்வரரான ஒருவரின் ஒற்றை மகளைக் கட்டிக்கொண்டு வந்தார். லவினியா என்று பெயர். அவள் ஊருக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே சாராயக்கடையில் அவளுக்கு 'சோப்புக்கட்டி' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

புதுப்பெண் வந்த அன்றைக்கு வழக்கப்படி ஊர் எல்லையில் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். வண்டியில் கயிறு கட்டி ஆண்கள் இழுத்தார்கள். ஏனோக் முன்கயிற்றில். நல்ல மழை. பாதி மேட்டில் அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிறுத்தச் சொல்லுங்க, இவங்க மனுஷங்க," என்றாள். பக்கத்தில் குதிரைமேல் வந்த காரியஸ்தர் ஹிக்மன், நிறுத்தினால் அவர்கள் மனசு புண்படும் என்று விளக்கம் சொன்னார். வண்டி நிற்கவில்லை.

இரவு ஏனோக்கின் தோளில் கயிறு அறுத்த இடத்துக்கு வாத்துக்கொழுப்பு தடவிக்கொண்டே கெசியா கேட்டாள்: "குதிரை இழுத்திருந்தா அதுக்கு ஓட்ஸ் வச்சிருப்பாங்க. ஒனக்கு என்ன வச்சாங்க?"

"பீரு," என்றான் ஏனோக், கண்ணை மூடிக்கொண்டு, பரம திருப்தியாக.

அடுத்த கோடையில் சீமாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. எங்களைப் பிடித்த சனி அப்போதுதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் நிலக்கரி வாங்க வக்கிருந்தவர்கள் பாதிரியாரும் மாவுமில்காரரும்தான். மற்ற அடுப்பெல்லாம் பிரபுவின் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியில்தான் எரிந்தது. இலையுதிர்காலம் முடிந்ததும் காட்டுக்குள் போகலாம், கீழே விழுந்ததைப் பொறுக்கலாம், கொக்கிக் கழிக்கு எட்டுகிற பட்டுப்போன கொப்பை இழுத்துக்கொள்ளலாம். இது எவரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை, தலைமுறை தலைமுறையாக இருந்த பாத்தியதை. ஹிக்மன் ஊரைக் கூட்டிச் சொன்னார்: வாரிசு பிறக்கப் போகிறார், காக்கைமேட்டில் சொக்கப்பனை மாதிரி விறகு அடுக்க வேண்டும். பக்கத்து எஸ்டேட் பிரபுவுக்கு மகன் பிறந்தபோது எரித்ததைவிட இரண்டு மடங்கு உயரம். சோப்புக்கார மாமனார் பார்க்க வருகிறார். ஆகவே இந்த வருஷம் காட்டில் விழுந்தது அத்தனையும் மேட்டுக்கு.

ஊர் முணுமுணுத்திருக்கும் என்று நினைப்பீர்கள். கைதட்டியது. பக்கத்து எஸ்டேட்காரன் மூக்கை உடைக்க வேண்டுமே. தன் வீட்டுக் கொல்லையில் சேர்த்து வைத்திருந்ததையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவர்கள் உண்டு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர்கள் தங்கள் நெய்யையே ஊற்றினார்கள்.

அடுக்குகிற வேலையை ஏனோக்கிடம் கொடுத்தார் ஹிக்மன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நடுவில் காற்றுப் போக வழி விட்டு, சுற்றிலும் ஆஷ் மரக் கம்பங்களை நிறுத்தி, இடையிடையே முட்செடி திணித்து, மழை இறங்காமல் தார் பூசி, மூன்று ஊருக்குத் தெரிகிற மாதிரி எழுப்பினான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜனங்கள் அதைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். ஏனோக் ஒதுங்கி நின்று, யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பான்.

பிறந்தது பெண்.

சர்ச் மணி அடிக்கவில்லை, பெண்ணுக்கு அடிக்கிற வழக்கமில்லை. மாமனார் கப்பலேறிப் போய்விட்டார். சரி, விறகைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பெண்கள் கூடையோடு காத்திருந்தார்கள். ஹிக்மன் சொன்னார், அது அப்படியே நிற்கட்டும், அடுத்தது பையன்தான். அடிமரம் இற்றுப்போகாமல் வருஷா வருஷம் புதுக்கட்டை போட வேண்டும், அதனால் பையன் பிறக்கும் வரைக்கும் விழுந்த விறகெல்லாம் மேட்டுக்குத்தான். போதாததற்கு, வாரிசுக்கு அடுக்கினதில் ஒரு குச்சியை உருவினாலும் பிள்ளைக்கு ஆகாது என்று எவனோ கிளப்பிவிட்டான். ஊரே நம்பியது. ஏனோக் எல்லாரையும்விட நம்பினான்.

அப்புறம் ஊர் அடுப்பு முழுக்க ஒருத்தி வயிற்றில்தான் தொங்கியது. பக்கத்து வீட்டு ஹெஸ்டர் சர்ச்சில் முழந்தாளிட்டபடி கெசியாவின் காதைக் கடித்தாள்: "நான் எனக்குக்கூட இப்படி ஜெபம் பண்ணதில்ல. ஆண்டவரே, அந்தச் சோப்புக்கட்டிக்கு ஒரு பையனக் குடுத்துடு, நான் கஞ்சி காய்ச்சணும்."

அந்த வசந்தத்தில் ஒரு நாள் சீமாட்டி குடிசை குடிசையாகப் பார்க்க வந்தாள். மற்ற பெரிய வீட்டுப் பெண்கள் என்றால் நேரே உள்ளே வந்து பானையைத் திறந்து பார்ப்பார்கள். இவள் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாள். கெசியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏப்ரனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

சீமாட்டி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எல்லாரும் என் முகத்தப் பாத்துப் பேசறதே இல்ல கெசியா," என்றாள் திடீரென்று. "வயித்தப் பாத்துத்தான் பேசறாங்க. மாமியார், டாக்டர், சமையக்காரி கூட."

"ஆமாங்கம்மா," என்றாள் கெசியா. தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று உறைத்ததும் பார்வையைத் திருப்பினாள்.

சீமாட்டி ஜன்னல் வழியாகக் காக்கைமேட்டைக் காட்டினாள். "தினம் காலைல திரைய விலக்கினா அதுதான் தெரியுது. எங்க மேல இவ்வளவு பிரியம் வச்சு ஜனங்களே கொண்டு வந்து குடுத்தாங்களாமே. எனக்குப் பயமா இருக்கு."

கெசியாவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா, அது பிரியம் இல்லை, எங்கள் சோறு வேகிற விறகு, ஒரு வார்த்தை சொல்லிப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏனோக் மூலையில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவளைப் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

"ஆமாங்கம்மா. பிரியம்தான்," என்றாள்.

அடுத்த குளிர்காலம்தான் ஆற்றையே உறைய வைத்த குளிர்காலம். கிணற்றுக் கயிறு கம்பியாகிவிட்டது. ரொட்டியைக் கோடாரியால் வெட்டினோம். சீமாட்டிக்கு மறுபடி நிறைமாசம். ஏனோக்குக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்தால் மூச்சு விட முடியாமல், சுவரில் சாய்ந்தபடியே ராப்பகலாக இருமினான். டாக்டர் பார்த்துவிட்டு, "சூடா வச்சுக்கோ, அது போதும், பொழச்சுக்குவான்," என்று சொல்லிவிட்டுப் போனார். எதைக் கொண்டு என்று அவர் சொல்லவில்லை.

கெசியா முதலில் கோழிக்கூட்டை எரித்தாள். பிறகு நாற்காலி. பிறகு பரணில் கிடந்த தொட்டிலை இறக்கி, ஏனோக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உடைத்தாள். தொட்டில் ஒரு ராத்திரிக்குத்தான் வந்தது.

மறுநாள் பிற்பகல், பனிமூட்டத்தில் கை நீட்டினால் கை தெரியாத நேரத்தில், காக்கைமேட்டுக்கு ஏறினாள். நாலு கட்டையைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு இறங்கினாள். பிள்ளைக்கு ஆகாது என்ற பேச்சு வழியெல்லாம் கூடவே வந்தது. வந்தால் வரட்டும் என்று வைராக்கியமாக நடந்தாள். அந்த வாரம் முழுக்கப் போனாள். ஏனோக் பன்றிக்கறி சூப்பு குடித்தான். கொஞ்சம் படுத்துத் தூங்கினான். அவன் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே அவளும் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் அவன் கண் விழித்து மூக்கை உறிஞ்சினான். "தார் வாசம் அடிக்குதே, கெசி."

"மில்காரர் பழைய வேலிக்கட்டை குடுத்தாரு."

"மில்காரர் வேலி நான் கட்டுனது. அதுல தார் கெடையாது." அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க உருவுன? வடக்குப் பக்கமா?"

அவள் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அது பிரபு வீட்டுப் புள்ளைக்கு வச்சது, கெசி."

"எனக்கு நீதான்யா இருக்க. நீ செத்தா அவங்க வீட்டுப் புள்ள வந்து எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குமா?"

"அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா? நம்ம ரெண்டையும் மண்ணுல வச்சவங்கதான நாம. இன்னொரு தாயிக்கு அது வரணுமா?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அழுதுகொண்டே சொன்னான். இனிமேல் போவதில்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

திங்கட்கிழமை அவள் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஏனோக் கோட்டை மாட்டிக்கொண்டு, தடி ஊன்றி, பனியில் காரியஸ்தர் ஆபீசுக்கு நடந்தான். நேர்மையாக நாமே சொல்லிவிட்டால் பெரிய மனுஷர்கள் மனசு இளகும் என்று கணக்குப் போட்டிருந்தான் பாவி. "என் பெஞ்சாதி புத்தியில்லாம செஞ்சிட்டாய்யா. உடம்பு தேறினதும் வடக்குப் பக்கத்த நானே சரிபண்ணிக் குடுத்துர்றேன்," என்றான். ஹிக்மன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன்ன மாதிரி யோக்கியன் இந்த எஸ்டேட்லயே இல்ல, லாம்பர்ட்," என்றார். அவன் வீடு வந்து சேரும் முன் போலீஸ்காரன் கெசியாவைத் துவைக்கிற இடத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளுக்குப் பழமொழி உண்டு. பிரபுவை நம்பிப் பெண்டாட்டியைக் கைவிட்டவனுக்கு எங்கே தேடுவது?

வழக்கை விசாரித்தவர் எங்கள் பிரபுவோடு நரி வேட்டைக்குப் போகிறவர். ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். "அவர் குளிருதுன்னாரு," என்றாள் கெசியா. இரண்டு வாரம் ஜெயில் என்று எழுதினார்.

ஜெயிலில் அவளைச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். அங்கே பெரிய கொப்பரைக்கடியில் நாள் முழுக்க நிலக்கரி எரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக அவள் கால் விரல்களுக்கு உயிர் வந்தது. வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு, வீட்டில் அடுப்பில்லாமல் சுவரில் சாய்ந்திருப்பவனை நினைத்து நினைத்து வெந்தாள். அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்தாள். அடுத்த நிமிஷம் ஹெஸ்டராவது அவனுக்கு ஒரு போர்வை கொடுத்திருப்பாளா என்று தவித்தாள். 

விடுதலையான அன்று காலையிலிருந்து நடந்தாள். பொழுது சாய்கிற நேரம், தூரத்துக் கணவாயைத் தாண்டினதும் காக்கைமேட்டுப் பக்கம் வானம் சிவந்து கிடந்தது. சர்ச் மணி விடாமல் அடித்தது. பையன் பிறந்துவிட்டான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீடு திறந்து கிடந்தது. படுக்கையில் ஏனோக் இல்லை. அடுப்புச் சாம்பலில் கையை வைத்துப் பார்த்தாள், ஐஸ். அவள் மனசு என்ன நினைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? மேட்டைப் பார்த்து ஓடினாள்.

மேட்டில் ஊரே இருந்தது. பீர்ப் பீப்பாய், சுட்ட மாடு, வாத்தியம். ஏனோக்கை ஒரு நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அடுக்கினவன் கையாலேயே பற்ற வைக்க வேண்டும் என்று ஹிக்மன் சொல்லியிருந்தார். தொப்பி மடியில், வெறுந்தலையில் பனி விழ, நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"வந்துட்டியா கெசி," என்றான். மூச்சு வாங்கியது. "பாத்தியா எப்படிப் புடிச்சுதுன்னு. ஒரு துளி ஈரம் எறங்கல. பிரபு வந்து என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நாள் முழுக்கக் குளிரில் நடந்த உடம்பு. அவளைக் கேட்காமலே இரண்டு கையும் அந்த நெருப்பை நோக்கி நீண்டன. அதற்காக அவள் தன்னை மன்னித்ததே இல்லை.

"வீட்டுக்குப் போலாம், வா," என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம். இங்க இதமா இருக்கு."

முன்பக்கம் நெருப்பும் முதுகில் பனியுமாக மூன்று மணி நேரம் இருந்தவன் திரும்பி வந்து காய்ச்சலில் விழுந்தான். அந்த வாரமே போய்விட்டான். கடைசி வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வடக்குப் பக்கம் கூட நன்றாகவே எரிந்தது, நீ எடுத்தது தெரியவே இல்லை என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் சீமாட்டி வந்தாள். பிள்ளையைத் தாதி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். சீமாட்டி உள்ளே வந்து உட்கார இடம் பார்த்தாள். நாற்காலி இல்லை. நின்றுகொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் அத அடுக்கினாருன்னு இப்பத்தான் சொன்னாங்க. நன்றி சொல்லணும்னு வந்தேன்."

கெசியா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அது எங்க அடுப்பு வெறகுங்கம்மா."

"என்ன?"

"ரெண்டு வருஷமா இந்த ஊர்ல எல்லா வீட்டு வெறகும் அதுதான். எங்காளு குளுர்ல செத்தாரு. நாலு கட்ட எடுத்ததுக்கு நான் ஜெயிலுக்குப் போனேன்."

சீமாட்டியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "அன்னைக்கு நான் வந்தப்ப ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்," என்றாள் கெசியா. "நீங்களும் கேட்டிருக்கணும்."

அந்தப் பெண் அழுதாள். தான் சொன்னால் அந்த வீட்டில் நாய்கூடக் கேட்பதில்லை என்றாள். அப்பா கொடுத்த பணத்துக்குக் கையெழுத்துப் போடுவதும் பிரபுதான் என்றாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட விடவில்லை, மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றாள். கெசியாவுக்குப் பாவமாக இருந்தது. பாவப்படுகிற தன்னை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

"புள்ள உசுரோட இருக்குல்ல," என்றாள். "போங்கம்மா. வெளிய அழுவுது பாருங்க."

மறுநாள் வண்டிக்கார நெட் ஒரு வண்டி நிறைய நிலக்கரியோடு வந்து நின்றான். ஆப்பிள் மரமெல்லாம் பூத்துக் கொட்டிக்கிடந்தது. கெசியா கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவு வெயில்.

"சீமாட்டியம்மா குடுத்தனுப்பிச்சாங்க. எங்க கொட்ட?"

"ஹெஸ்டர் வீட்ல கொட்டு. அங்க கைப்புள்ள இருக்கு."

"ஒன் வாசல்னுதான் உத்தரவு. வேற வாசல்ல கொட்டுனா என் சோத்துல மண்ணு." அவன் வண்டியைச் சரித்தான். அவரை விதைத்திருந்த பாத்திமேல் கரி சரிந்து விழுந்தது. கரித்தூசி அடங்கியதும் நெட் கேட்டான்: "என்ன சொன்னான்னு காரியஸ்தர் கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

"குளுருதுன்னவரு போயிட்டாருன்னு சொல்லு."

நெட் தலையைச் சொறிந்தான். "அத நான் எப்படிச் சொல்லுவேன், கெசியா. எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு."

அவள் குனிந்து, பாத்தியில் கிடந்த ஒரு கரிக்கட்டியை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"அப்ப நன்றி சொன்னேன்னே சொல்லிடு," என்றாள்.